ஐந்து லிட்டரில் கிணத்துக்கடவு

எங்கள் வீட்டுக் காருக்கு வெயில் ஆகாது. காலை ஏழு மணிக்கு எடுத்தால் பிய்த்துக்கொண்டு ஓடும். உச்சி வெயிலில் எங்காவது ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டால் தொலைந்தோம். எத்தனை முறை சாவியைத் திருகினாலும் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அப்போது என் கணவர் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நிற்பார். ஒரு முகூர்த்த நாளில் உக்கடத்தில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் எட்டி எட்டிப் பார்க்க, டீக்கடையில் இரவல் வாங்கிய சொம்பால் அந்தத் துணிக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். அன்றைக்கு வந்த கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் ஸ்பேசர்.

தண்ணீர் ஊற்றியபடியே எஞ்சினைப் பார்த்தேன். கொதிக்கிற இரும்பின் மேல் இன்டேக் மேனிஃபோல்டு என்கிற குழாய் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்புகிற கார்புரேட்டர். அடியிலிருந்து ஏறுகிற சூடு முழுக்க நேராகக் கார்புரேட்டருக்குப் போகிறது. உள்ளே இருக்கிற பெட்ரோல் கொதிக்காமல் என்ன செய்யும்? கொதித்து வழிகிற பெட்ரோல் வீண்தானே! வண்டி ஏன் குடிகாரன் மாதிரிக் குடிக்கிறது என்பதும் அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. சூடான பாத்திரத்தை இறக்கும்போது கைக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு துணி வைக்கிறோம் இல்லையா, அப்படி மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் சூடு ஏறாத ஒரு தடுப்பை, ஒரு ஸ்பேசரை, வைத்தால் போதும். நடுரோட்டில், ஈரக்கையோடு, "கண்டுபிடிச்சுட்டேனுங்க!" என்று கத்தினேன். என் கணவர் முதலில் அக்கம்பக்கம் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணமாகி, என் கணவர் ஊரான கணபதிக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். வீட்டை ஒட்டியே மாமனாரின் பட்டறை. பம்புசெட்டுக்கான ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற இடம். இரும்பைக் கடைகிற பெரிய லேத் இரண்டு எப்போதும் ஓடும். மூலையில் ஒரு சின்ன லேத் சாக்குப் போர்த்திக்கொண்டு சும்மா கிடக்கும். அந்த லேத்தின் மேல்தான் எனக்குக் கண். கல்லூரியில் வகுப்பிலேயே சுத்தமாகக் கடைபவள் என்று பெயர் வாங்கிவிட்டு, இங்கே டீ டம்ளர்த் தட்டோடு பட்டறை வாசல்படி வரைதான் எனக்கு அனுமதி. மாமா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். கேட்டபோதெல்லாம் ஒரே பதில்.

"பட்டறைக்குள்ள பொம்பளைங்களுக்கு என்ன வேலைங்கறேன்?"

ஸ்பேசர் கதையை அவரிடம் சொன்னேன். சூடு ஏறாது, வெயிலில் நிற்காது, மைலேஜ் கூடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மாமா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். அவருக்கு என்னை ஒரேயடியாக வாயடைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"செரி அம்மணி. காருக்கு அஞ்சு லிட்டர் ஊத்து. அந்த அஞ்சு லிட்டர்ல உங்கப்பன் ஊட்டுக்குப் போயிட்டு, நம்ம பட்டறை வாசலுக்கு வந்து நிக்கட்டும். நின்னுட்டா அந்தச் சின்ன லேத்து உனக்கு. நிக்கலீன்னா இனிமே லேத்துப் பேச்சே எடுக்கக் கூடாது."

அப்பா வீடு கிணத்துக்கடவில். போக இருபத்தெட்டு கிலோமீட்டர், வர இருபத்தெட்டு. எங்கள் கார் எவ்வளவு கொடுக்கிறது என்று அதுவரை யாரும் அளந்ததே இல்லை. ஸ்பேசர் இல்லாமல் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க, அடுத்த நாளே டேங்கைச் சொட்டு இல்லாமல் வடித்து, அளவு கேனால் ஐந்து லிட்டர் ஊற்றிக் கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரை முறைத்துக்கொண்டே போனேன். கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பி அப்படியே வந்தோம். திரும்பும்போது குறிச்சிக் குளத்தோரம் பெட்ரோல் தீர்ந்து நின்றது. நாற்பத்தாறு கிலோமீட்டர். லிட்டருக்கு ஒன்பது சொச்சம்! இன்னும் பத்து கிலோமீட்டர் வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை, வெறிதான் வந்தது.

மாமா எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறையைத் திறந்துவிட்டார். பழைய ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றில் கனமான பேக்கலைட் பலகை இருந்தது. மின்சாரமும் ஏறாது, சூடும் ஏறாது. கார்புரேட்டரின் பழைய கேஸ்கட்டை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு அறுத்து, சாக்கை உருவிவிட்டுச் சின்ன லேத்தில் பிடித்தேன். எத்தனை மாதங்களுக்குப் பிறகு! லேத்தின் சக் சுழலத் தொடங்கியதும் உள்ளங்கால் வரை ஜிலீரென்றது. பேக்கலைட் கருகினால் மூக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒரு நாற்றம் வரும். அன்றைக்கு அது எனக்கு மல்லிகைப்பூவாக மணந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில், நடுவில் துளையோடு, முகம் பார்க்கலாம் போல ஒரு ஸ்பேசர்.

மாட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை. கார்புரேட்டர் மேலே ஏறிவிட்டதால் அதைப் பிடிக்கிற பழைய ஸ்டட் போல்ட் எட்டவில்லை, நீளமாக நான்கு கடைந்தேன். ஆக்சிலேட்டர் கம்பியும் எட்டவில்லை, அதை என் கணவர் வளைத்து நீட்டினார். காற்று கசியாமல் இடையில் வைக்கிற பழைய பேக்கிங் ஒன்று வெடித்திருந்தது, மேலும் கீழும் புதிதாகப் போட்டோம். கடைசியில் ஏர் ஃபில்டர் பானெட்டில் இடிக்குமோ என்று சந்தேகம். பானெட்டை மூடிவிட்டால் உள்ளே எப்படிப் பார்ப்பது? சமையலறைக்கு ஓடி, சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொண்டுவந்து, ஃபில்டரின் தலையில் வைத்து, பானெட்டை மூடித் திறந்தேன். மாவு கால் விரற்கடைக்கு நசுங்கி நின்றது. அவ்வளவு இடம் மிச்சம்! அந்த மாவை அவரிடம் காட்டிக் குதித்தேன்.

சோதனைக்குப் போகும் முன்பே அப்பாவிடமிருந்து புகார் வந்துவிட்டது. எங்கள் கார் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் போனதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். "மாப்பிள்ளை ஊர் வரைக்கும் வந்துபோட்டு ஊட்டுக்கு வராமப் போறதா?" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாராம். அதனால் இந்த முறை வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதென்று முடிவு.

மறுபடி டேங்கை வடித்து, அளவாக ஐந்து லிட்டர் ஊற்றிக் கிளம்பினோம். நல்ல வெயில். நாங்கள் சாப்பிடும்போது, கார் காய்கிறதே என்று அப்பா அதை எடுத்து நிழலில் விட்டார். கிளம்பும்போது பார்த்தால் டிக்கியில் முப்பது தேங்காய்.

"அப்பா, பாரம் ஏத்தக் கூடாதுங்கப்பா!"

"நீ கண்டுக்காத கண்ணு. வந்த ஒறம்பரைய வெறுங்கையோட அனுப்பற ஊடா இது?"

சண்டை போட நேரமில்லை. என் கணவர் சாவியைத் திருகினார். உச்சி வெயில், ஒரே திருகு, எஞ்சின் பிடித்துக்கொண்டது! இருமல் இல்லை, ஈரத்துணி இல்லை. நான் டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பெட்ரோல் முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. "முள்ளையே தூக்கிருச்சு பாரு உன்ர ஸ்பேசரு," என்று அவர் கிண்டல் செய்தார். அந்த முள் எப்போதுமே பொய்தான் சொல்லும், நாங்கள் அதை மதிப்பதே இல்லை.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியது, ஈச்சனாரி தாண்டியது. குறிச்சிக் குளத்தோரம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தாண்டியது! உக்கடம், காந்திபுரம், கணபதி. பட்டறை வாசலில் மாமா நின்றிருந்தார். "நிறுத்தாதீங்க!" என்று நான் கத்த, மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டியபடியே சத்தியமங்கலம் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தோம். சரவணம்பட்டி, கோவில்பாளையம், இன்னும் ஓடுகிறது! அன்னூருக்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றது. எண்பத்து மூன்று கிலோமீட்டர். முப்பது தேங்காயோடு, லிட்டருக்குப் பதினாறு! புளியமரத்தடியில் இறங்கி இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரிச் சிரித்தோம்.

திரும்பி வந்து கணக்கைச் சொன்னதும் மாமா தலையை ஆட்டினார். சாக்பீஸை எடுத்துப் பட்டறைச் சுவரில் பெரிதாகப் பதினாறு என்று எழுதினார். மறுநாள் காலையில் எட்டு மணிக்கு நான் சின்ன லேத்தின் முன்னால் நின்றேன். அவரே அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் போய், "என்ர மருமக செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரே வாரத்தில் நான்கு கார்களுக்கு ஸ்பேசர் கடைந்தேன். அந்த எட்டு நாட்களைப் போல நான் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்ததில்லை.

எட்டாம் நாள், முதலில் மாட்டிக்கொண்டு போன வாடகைக் கார்க்காரர் வந்தார்.

"அம்மணி, மத்தியானத்துல நிக்கறதில்லீங்க, அது நெசம். மைலேஜும் ஒண்ணு, ஒண்ணரை கூடியிருக்குதுங்க. ஆனா செவுத்துல எழுதியிருக்கற கணக்கு எங்கீங்க?"

ஸ்டட் தளர்ந்திருக்கும், காற்று இழுக்கும் என்று ஏதேதோ சொல்லி அனுப்பினேன். மனதுக்குள் ஒரு முள். அதை மறக்கத்தான் அன்று சாயங்காலம் டெலிபோன் பூத்திலிருந்து அப்பா வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். பெருமையடித்தால் தெம்பு வரும் என்று ஆசை.

"பதினாறு குடுத்துச்சுங்கப்பா! அஞ்சு லிட்டர்ல அன்னூர் வரைக்கும் போயிட்டோம்!"

 

"கண்ணு," என்றார் அப்பா, குரலை இறக்கி. "அன்னைக்கு நெழலுக்கு நகத்தும்போது பாத்தேன், முள்ளு தரையில கெடந்துச்சு. மாப்பிள்ளை வழியில நிக்கப்படாதேன்னு, என்ர மோட்டார் சைக்கிளுக்கு வெச்சிருந்த மூணு லிட்டர ஊத்தியுட்டேன். சொல்லிக் காட்டறேன்னு நெனச்சுக்காத. நீ கணக்குச் சொன்னதுனாலதான் சொல்றேன்."

எங்கள் பக்கம் கொடுத்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். டிக்கியில் வைப்பார்கள், பையில் திணிப்பார்கள், வீட்டுக்குப் போய்த்தான் நாம் பார்க்க வேண்டும். சொன்னால் கொடுத்ததற்கே மரியாதை இல்லை. அப்பா அந்த வழக்கத்தை மீறிச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "உங்கள ஆரு ஊத்தச் சொன்னா? எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்களே!" என்று பூத்தே அதிரக் கத்திவிட்டு, போனை வைத்தேன். வீடு வரும் வழியெல்லாம் அழுதேன். எட்டு லிட்டருக்கு எண்பத்து மூன்று என்றால் லிட்டருக்குப் பத்துச் சொச்சம். பட்டறை வாசலுக்கு வரப் பதினொன்று சொச்சம் வேண்டும், அது காணாது.

"நீ ஏன் வாயத் தொறக்கோணும்? லேத்து உங்கிட்டத்தான இருக்குது," என்றார் என் கணவர். அவர் சொன்னதில் ஆசை வராமல் இல்லை. இரவு முழுக்க அந்த லேத்தையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் அந்தச் சுவரில் இருக்கிற பதினாறைப் பார்த்துக்கொண்டே தினமும் வேலை செய்ய என்னால் முடியாது. வாடகைக் கார்க்காரர் மறுபடி வந்து கேட்டால் எந்த முகத்தோடு பேசுவது? மறுநாள் மதியம் மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் நின்றேன்.

"மாமா, அந்தப் பதினாறு பொய்ங்க. எங்கப்பா எனக்குத் தெரியாம மூணு லிட்டர் ஊத்தியிருக்காருங்க."

மாமா பாதியில் எழுந்து கை கழுவினார். ஈரக்கையோடு நேராகப் பட்டறைக்குப் போய் அந்தப் பதினாறைத் துடைத்தார். சின்ன லேத்துக்குச் சாக்கைப் போர்த்தினார்.

"மறுக்கா ஓட்டு. பந்தயம் பந்தயந்தான்."

கார்புரேட்டரை ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் வருகிற ஜெட் துளையை ஊதி, கலவைத் திருகைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத் திருகினேன். டயருக்குக் காற்று நிறைய அடித்தோம். அளவு கேனால் ஐந்து லிட்டர் ஊற்றியது மாமாவே.

பந்தயத்தைப் பற்றியும் நாங்கள் வருவதையும் என் கணவர் முன்பே போனில் சொல்லியிருந்தார். கிணத்துக்கடவு போய்ச் சேர்ந்தபோது அப்பா தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். போன முறை வண்டியை நிறுத்திய இடத்தில் ஏற்கெனவே நிழலுக்குத் தென்னங்கீற்று கட்டி வைத்திருந்தார். காரைத் தொடவில்லை. நாங்கள் உள்ளே போனதும் காருக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், யாரும் கிட்டே வந்துவிடக் கூடாதாம். அம்மா ஒரு சின்னத் தூக்குப்போசியில் கச்சாயப் பலகாரம் போட்டு எடுத்து வந்தபோது, அதை வாங்கித் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு வாசலில் நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சோறு தின்னா வண்டிக்குப் பாரமாகுமா கண்ணு?"

போனில் கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "ஆகாதுங்கப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு நன்றாகவே சாப்பிட்டேன். கிளம்பும்போது அப்பா டிக்கியைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து மூடினார். மூடிய பிறகு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்த ஊட்டுலருந்து ஒரு வண்டிய வெறுசா அனுப்பறது இதுதான் மொத தடவ," என்றார்.

ஒரே வேகத்தில் திரும்பி வந்தோம். குறிச்சிக் குளத்தைத் தாண்டினோம். உக்கடத்தில் சிக்னலில் நின்றபோது எஞ்சின் அணைந்துவிடுமோ என்று டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். அணையவில்லை. காந்திபுரம் நெரிசலில் ஒவ்வொரு பஸ்ஸையும் மனதுக்குள் திட்டினேன். கணபதியில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனையில் வண்டி ஒரு குலுங்குக் குலுங்கியது.

"தீந்துருச்சு!"

"கியர எடுத்துடுங்க! உருளட்டும்!"

எஞ்சின் சத்தம் நின்றுபோய், டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பட்டறைகளில் இருந்தவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். யாரும் தள்ளவில்லை, தள்ளக் கூடாது என்று மாமா கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். நான் சீட்டின் நுனிக்கு வந்து, வண்டியை என் உடம்பால் முன்னுக்கு இழுத்தேன். கார் வாசலில் ஏறி, மூக்கை உள்ளே நீட்டி, முதுகைத் தெருவில் விட்டு நின்றது.

மாமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கேட்டையும் பார்த்தார், பானெட்டையும் பார்த்தார்.

"பாதிதான வந்திருக்குது," என்றார்.

"எஞ்சின் உள்ள வந்துருச்சுங்க மாமா!" என்று கத்தினேன். "பந்தயம் எஞ்சினுக்குத்தானுங்க, டிக்கிக்கா?"

தெருவே சிரித்தது. மாமாவும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சுவரில் பதினொன்று என்று எழுதினார். அதில் எவ்வளவு ஸ்பேசரால், எவ்வளவு புதுப் பேக்கிங்காலும் திருகிய திருகாலும் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேங்காய் இருந்திருந்தால் தெருமுனையோடு நின்றிருக்கும் என்பது மட்டும் நிச்சயம். வாடகைக் கார்க்காரருக்கு ஆள் அனுப்பி, உண்மைக் கணக்கு இதுதான் என்று சொல்லச் சொன்னேன். "வெயில்ல நிக்காம ஓடுதே, அது போதும்னு சொல்லுங்க," என்று பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து, நான் லேத்தில் ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது போலிருந்தது. வேலையின் நடுவில் திரும்பவில்லை. வேலை முடிந்து நிமிர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. பட்டறையை மூடும் நேரத்தில், கார் பின்பக்கம் தாழ்ந்திருப்பதாக என் கணவர் சொன்னார். டிக்கியைத் திறந்தேன். அறுபது தேங்காயாவது இருக்கும். மேலே துணி சுற்றிய தூக்குப்போசி.

"உங்கப்பா வந்தாருங்களே," என்றார் எதிர்ப் பட்டறைக்காரர். "பஸ்ஸுல மூட்டையோட வந்தாரு. நீங்க லேத்து ஓட்டறதச் சித்த நேரம் நின்னு பாத்துட்டு இருந்தாரு. கூப்புட வேண்டாம்னுட்டாரு. அப்பறம் எங்கிட்டக் கேன் வாங்கிட்டு பெட்ரோல் பங்க்குக்கு நாலஞ்சு நடை நடந்தாருங்க."

ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். முள் உச்சியில் நின்றது. அந்த முள்ளை நம்ப முடியாது. இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டேன். பெட்ரோல் விளிம்பிலேயே தட்டுப்பட்டது. குச்சியைப் பிடித்தபடியே சிறிது நேரம் அழுதேன்.

அன்று சாயங்காலம் பூத்துக்குப் போய், அந்தக் கடைக்குப் போன் போட்டேன். அப்பா வரும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பஸ்ல உக்கார எடம் கெடச்சுதுங்களாப்பா?" என்று கேட்டேன்.

"கெடச்சுது கண்ணு," என்றார். பெட்ரோலைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.